ஒரே பேட்ச், ஒரே ஆஸ்பத்திரி, சம்பளத்துல மட்டும் 3,400 வித்தியாசம் – நர்ஸுங்க யாராவது இருந்தா வாங்க

போஸ்ட்ஆப்_சிஸ்டர் (பாண்டி)
வீட்டு லோனுக்கு பேங்க்ல சம்பள ஸ்லிப் கேட்டாங்க, என்னுது எங்க வீட்டுக்காரருது ரெண்டும். நாங்க ரெண்டு பேரும் ஒரே காலேஜ், ஒரே பேட்ச் பிஎஸ்சி நர்சிங், கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் கூட ஒண்ணா சென்னைக்கு போய் பண்ணது தான். பாண்டில ஒரே பிரைவேட் ஆஸ்பத்திரில ஒரே மாசம் ஜாயின் பண்ணோம், அப்ப கல்யாணம் ஆகல. பேரு கேக்காதீங்க சொல்ல மாட்டேன். ஸ்லிப் ரெண்டையும் டேபிள்ல பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்குறேன், பேஸிக் ஒண்ணு தான், ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) ஒண்ணு தான், பிஎஃப் பிடிச்சது கூட ஒண்ணு தான், ஆனா அவருக்கு கீழ 'ஸ்பெஷல் அலவன்ஸ் 3,400'ன்னு ஒரு லைன் இருக்கு. எனக்கு அந்த லைனே கிடையாது, சைபர்னு கூட போடல.
இன்னாங்க இதுன்னு கேட்டா சிரிக்கிறாரு. இன்டர்வியூல ஹெச்ஆர் அவரை "எவ்ளோ எதிர்பாக்குறீங்க"ன்னு கேட்டாராம், இவரு ஒரு நம்பர் சொன்னாராம், அதுல பாதி குடுத்தாங்களாம். என்னை அதே ரூம்ல அதே ஆளு என்ன கேட்டாரு தெரியுமா, "எப்ப கல்யாணம், எங்க தங்குவீங்க, நைட் பாக்க வீட்ல விடுவாங்களா". எதிர்பாக்குற சம்பளம்னு ஒரு கேள்வியே வரல. நானும் வேலை கெடச்சா போதும்னு ஆர்டர்ல சைன் போட்டு வந்துட்டேன்.
அவரு டயாலிசிஸ், நான் போஸ்ட்ஆப், அதாவது ஆபரேஷன் முடிஞ்சவங்களை பாக்குற வார்டு. வேலைல எது ஒசத்தி எது தாழ்த்தின்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல. இது எங்க ஆஸ்பத்திரில மட்டும் தானா இல்ல எல்லா இடத்துலயும் இப்படி தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கேஷுவாலிட்டி_பிரதர் (கடலூர்)
அக்கா உங்க கேஸ்ல நடந்தது தப்பு தான், இல்லன்னு சொல்லல. ஆனா ஆம்பள நர்ஸுன்னாலே கூட வாங்குறான்னு பொதுவா ஆயிடும் இப்படி போட்டா. நான் மஞ்சக்குப்பம் பக்கத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரில கேஷுவாலிட்டி பாக்குறேன், என் ஸ்லிப்ல எந்த ஸ்பெஷலும் கிடையாது. தண்ணி அடிச்சுட்டு மண்டைய ஒடச்சுக்கிட்டு வர்றவனை பிடிக்க பிரதரை கூப்புடு, ஆம்பள பேஷண்டுக்கு யூரின் டியூப் போட மூணு மாடில எந்த வார்டா இருந்தாலும் பிரதரை கூப்புடு, ராத்திரி ரெண்டு மணிக்கு பாண்டில இருக்குற மத்திய அரசு ஆஸ்பத்திரி ஜிப்மருக்கு ரெஃபர் பண்ணா ஆம்புலன்ஸ்ல ஏற பிரதரை கூப்புடு. போய் இறக்கிட்டு திரும்பி வந்தா டீ காசு குடுப்பான் டிரைவரு, ஆஸ்பத்திரி குடுக்காது.

சும்மா_வந்தவன்
ஆம்பளைங்க பேஷண்ட தூக்குறாங்க, நைட்டு பாக்குறாங்க, லீவு கம்மியா போடுறாங்க. கொஞ்சம் கூட குடுத்தா இன்னா தப்பு? எல்லாத்துலயும் ஆண் பெண்ணுன்னு இழுக்காதீங்கப்பா.

போஸ்ட்ஆப்_சிஸ்டர்
சும்மா வந்தவரே, சும்மா வந்ததுக்கு ஒரு நாள் எங்க வார்டுக்கு வாங்க. முதுகுல மரத்துப் போற ஊசி (ஸ்பைனல்) குடுத்த பேஷண்ட் ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து வருவாங்க, இடுப்புக்கு கீழ கட்டை மாதிரி இருக்கும், ட்ராலில இருந்து பெட்டுக்கு மாத்தணும். பேஷண்டுக்கு அடில விரிச்ச டிராஷீட் துணியோட நாலு மூலைய நாலு பேர் பிடிக்கணும், ஒரு கைல காயத்துல இருந்து வடியுறது சேர்ற டிரெயின் பாட்டில் வேற கீழ விழாம பாத்துக்கணும். அந்த நாலு பேர் யாருன்னு நெனைக்கிறீங்க? ரெண்டு சிஸ்டர், ஒரு ஆயா, வார்டு பாய் டீ குடிக்க போகலன்னா அவன். 80 கிலோ 90 கிலோ ஆளை நாங்க தான் தூக்குறோம். நைட்டு? எங்க ரோஸ்டர்ல மாசத்துக்கு ஒரு வாரம் நைட்டு எல்லாருக்கும் உண்டு, புள்ள பெத்து வந்தவளுக்கும் உண்டு.
பிரதர் தம்பி, நீங்க சொன்னதுல நியாயம் இருக்கு. உங்களுக்கு குடுக்க வேண்டிய காசு உங்களுக்கு குடுக்கல. அது தனி கணக்கு. என் கேள்வி வேற, ஒரே வேலைக்கு ஒருத்தருக்கு குடுத்து ஒருத்தருக்கு ஏன் இல்ல.

கணக்குப்புள்ள_ரிட்டயர்டு (திருப்பாப்புலியூர்)
நான் நர்ஸ் இல்லீங்க. தனியார் ஆஸ்பத்திரில அக்கவுண்ட்ஸ்ல குப்பை கொட்டுனவன், அந்த 'ஸ்பெஷல் அலவன்ஸ்' லைனை என் கையாலயே நெறைய பேருக்கு டைப் பண்ணிருக்கேன், அதனால உள்ள நடக்குறதை சொல்றேன்.
பேஸிக் எல்லாருக்கும் ஒரே மாதிரி வச்சுடுவாங்க. லேபர் டிபார்ட்மெண்ட்ல இருந்து ஆள் வந்தா ரிஜிஸ்டர்ல ஆம்பள பொம்பள எல்லாருக்கும் ஒரே நம்பர் தெரியும், சுத்தமா இருக்கும். பேசி வாங்குனவனுக்கு குடுக்குற மிச்சம் பூரா அந்த ஸ்பெஷல் லைன்ல போகும். இன்னொரு சூட்சுமம் இருக்கு. பிஎஃப் பிடிக்கறதுல எல்லாருக்கும் பொதுவா குடுக்குற அலவன்ஸும் பேஸிக்கோட சேரும்னு சுப்ரீம் கோர்ட் 2019 பிப்ரவரில சொல்லிடுச்சு. அப்ப ஒரு அலவன்ஸை எல்லாருக்கும் குடுத்தா பிஎஃப் கட்டணும், நாலு பேருக்கு மட்டும் குடுத்தா இது பொது இல்ல, ஆளைப் பாத்து குடுத்ததுன்னு சொல்லி தப்பிச்சுக்கப் பாத்தாங்க. ஆக ஆளுக்கு ஆள் வித்தியாசமா குடுக்கறதுல மேனேஜ்மெண்டுக்கு லாபமே இருந்துச்சு.
யாருக்கு குடுப்பாங்கன்னு கேட்டா, போயிடுவேன்னு பயமுறுத்துறவனுக்கு. ரிசிக்னேஷன் எழுதிட்டு வந்து நிப்பான் பையன், கல்ஃபுல ஆஃபர் வந்துடுச்சும்பான், உண்மையா பொய்யா யாருக்கு தெரியும், உடனே 2,000 ஏத்துவாங்க. பொண்ணுங்க வந்து கேட்டா "இது எங்க போயிட போவுது, வீடு வாசல் புருசன் புள்ள எல்லாம் இங்க தான்"னு என் காதுபடவே பேசுவாங்க. நானும் கேட்டுக்கிட்டு தான் டைப் அடிச்சேன், எனக்கும் சம்பளம் வேணுமே.

மஸ்கட்_பாண்டி
கணக்குப்புள்ள சார் சொன்னதுல ஒரு காமெடி இருக்கு பாருங்க. கல்ஃபுக்கு போயிடுவேன்னு பசங்க பயமுறுத்துறாங்க, ஆனா கல்ஃபுல கேக்கறது யாரை? சென்னைல தமிழ்நாடு கவர்மெண்டோட ஓஎம்சிஎல் (வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புற நிறுவனம்) மூலமா சவுதி மினிஸ்ட்ரிக்கு ஆள் எடுக்குறப்ப விளம்பரம் எடுத்து பாருங்க, நெறைய தடவை பெண் நர்ஸுங்க மட்டும்னு தான் இருக்கும். நான் ஆம்பள, அலைஞ்சு திரிஞ்சு ப்ரோமெட்ரிக் பரீட்சை எழுதி, டேட்டாஃப்ளோ சர்டிஃபிகேட் சரிபார்ப்பு முடிச்சு வேற வழில வந்தேன். என் கூட படிச்ச பொண்ணுங்க என்னை விட நல்லா படிச்சவங்க, இங்க வேலை அவங்களுக்கு தான் ஈஸியா கெடைக்கும், ஆனா வீட்ல விடல. சோ மார்க்கெட்ல டிமாண்ட் இருக்குறது பொம்பள நர்ஸுக்கு, அதை காட்டி இன்க்ரிமெண்ட் வாங்குறது ஆம்பள நர்ஸு.

ரெண்டு_புள்ள_தாயி (அரியாங்குப்பம்)
மஸ்கட் தம்பி கரெக்டா சொன்னீங்க.
என் கதை வேற மாதிரி. மொத புள்ளைக்கு லீவு கேட்டேன், அப்ப இருந்த ஆஸ்பத்திரில "ரிசைன் பண்ணிட்டு போம்மா, திரும்பி வர்றப்ப எடுத்துக்குறோம்"னாங்க. நல்லவங்க மாதிரி தான் பேசுனாங்க. திரும்பி வந்தா ஃப்ரெஷ் ஜாயினிங்னு ஆர்டர், பழைய இன்க்ரிமெண்ட் எல்லாம் போச்சு, சர்வீஸ் சைபர்ல இருந்து. எனக்கு ஜூனியரா வந்து என்கிட்ட ஐவி போட கத்துக்கிட்ட தம்பி அப்ப ஐசியு இன்சார்ஜ். நல்ல பையன் தான், அக்கா அக்கான்னு தான் கூப்புடுவான், ஆனா லீவுக்கு அவன்கிட்ட தான் கையெழுத்து வாங்கணும். அவனுக்கும் எனக்கும் சம்பளத்துல இருந்த வித்தியாசத்தை யாரும் ஆண் பெண் வித்தியாசம்னு சொல்ல மாட்டாங்க, "அவர் இன்சார்ஜ், நீங்க ஸ்டாஃப்"னு தான் சொல்வாங்க.
அப்ப எனக்கு சட்டம் தெரியாது. 2017லயே 26 வாரம் சம்பளத்தோட லீவுன்னு மாத்திட்டாங்க, அதுக்கு முந்தின பன்னெண்டு மாசத்துல 80 நாள் வேலை செஞ்சிருந்தா போதும், பிரைவேட்டுக்கும் பொருந்தும். 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற இடத்துல குழந்தைங்க காப்பகமும் இருக்கணும். எத்தனை ஆஸ்பத்திரில பாத்திருக்கீங்க? நான் பாத்ததுல லிஃப்ட் பக்கத்துல ஸ்டோர் ரூம் தான் இருக்கு.

சும்மா_வந்தவன்
அப்ப பிரச்சினை ஆம்பளைங்க இல்ல, புள்ள பெத்துக்கறது தான். லீவு எடுத்தா சர்வீஸ் கொறையும், சர்வீஸ் கொறைஞ்சா சம்பளம் கொறையும். லாஜிக் தானே.

வில்லியனூர்_வாத்தி
நான் நர்சிங் காலேஜ்ல பாடம் எடுக்குறேன். சும்மா வந்தவரோட லாஜிக்கை அமெரிக்காலயே எடுத்து சோதிச்சு பாத்துட்டாங்க. 2015 மார்ச்ல ஜாமாங்கற மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, ரெண்டு பெரிய சர்வே, ஒண்ணுல 87,903 பேர், இன்னொண்ணுல 2 லட்சத்து 5 ஆயிரத்து சொச்சம் பேர், எல்லாம் ரெஜிஸ்டர்டு நர்ஸ். அதுல ஆம்பளைங்க வெறும் 7 பர்சண்ட். அவங்க வயசு, அனுபவம், படிப்பு, வேலை நேரம், எந்த ஊரு, எந்த மாதிரி வேலை, கல்யாணம், வீட்ல குழந்தை இருக்கா இல்லையா, இதெல்லாம் கழிச்சுட்டு தான் கணக்கு போட்டாங்க. அப்படி கழிச்ச பிறகும் ஆண் நர்ஸு வருஷத்துக்கு சராசரியா 5,148 டாலர் கூட வாங்குறாரு.
ஆஸ்பத்திரிக்குள்ள 3,873 டாலர், வெளிய அவுட்பேஷண்ட் கிளினிக் மாதிரி இடத்துல 7,678. கார்டியாலஜில 6,034. மயக்க மருந்து குடுக்குற நர்ஸுங்க அங்க தனி கேட்டகிரி, அவங்கள்ல 17,290 டாலர் வித்தியாசம். ஆர்த்தோல மட்டும் சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் வரல. 1988ல இருந்து 2013 வரைக்கும் இந்த இடைவெளி கொறையவே இல்லன்னு முடிவுல சொல்லிருக்காங்க. நூத்துக்கு தொண்ணூத்து மூணு பேர் பொம்பளைங்களா இருக்குற வேலைல இந்த கதை.

கேஷுவாலிட்டி_பிரதர்
வாத்தியாரே அது அமெரிக்கா. அங்க ஆம்பள நர்ஸுக்கு மரியாதை உண்டு. இங்க பொண்ணு பாக்க போனா மாப்ள என்ன வேலைன்னு கேட்டு நர்ஸுன்னா அப்படியே மூஞ்ச திருப்பிக்கிறாங்க. எங்கம்மா ஊர்ல 'ஆஸ்பத்திரில வேலை'ன்னு தான் சொல்லி வச்சிருக்கு, நர்ஸுன்னு வாய் வராது.
இன்னொண்ணு கவர்மெண்ட் வேலை. எய்ம்ஸ்ல நர்சிங் ஆபீஸர் போஸ்ட்ல நூத்துக்கு 80 பொண்ணுங்களுக்கு, 20 ஆம்பளைங்களுக்குன்னு பிரிச்சு வச்சிருக்காங்க, நாங்க அந்த இருபதுக்குள்ள அடிச்சுக்கணும், கட்ஆஃப் எங்களுக்கு மேல போயிடும். அதை யாரும் பேச மாட்டேங்குறாங்க.

போஸ்ட்ஆப்_சிஸ்டர்
அதை பேசலாம் தம்பி, தாராளமா பேசலாம். 80:20 எனக்கும் முழுசா ஒத்துக்கல. ஆனா ஒண்ணு கவனிங்க, அது உள்ள நுழையுற கதவு. உள்ள போன பிறகு உங்களுக்கும் எனக்கும் ஒரே சம்பளம். பிரைவேட்ல கதவு ரெண்டு பேருக்கும் திறந்து தான் இருக்கு, உள்ள போன பிறகு தான் வேலைய காட்டுறாங்க.

லீட்ஸ்_அக்கா
நான் நெய்வேலி, இப்ப இங்கிலாந்துல அரசு மருத்துவ சேவை என்ஹெச்எஸ்ல பேண்ட் 5, அதாவது நர்ஸுக்கு ஆரம்ப சம்பளப் படி. இங்க 2004ல இருந்து ஒரே பே ஸ்கேல் நாடு முழுக்க, பேண்ட் 5னா எவ்ளோன்னு இன்டர்நெட்ல யார் வேணா பாக்கலாம். இன்டர்வியூல பேரம் பேசுற வேலையே கிடையாது, அது எவ்ளோ நிம்மதின்னு வந்தப்புறம் தான் தெரிஞ்சது. 250 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற நிறுவனம் எல்லாம் 2017ல இருந்து வருஷா வருஷம் ஆம்பள பொம்பள சராசரி சம்பள வித்தியாசத்தை வெளியிடணும்னு சட்டமும் இருக்கு.
அப்படியும் ஒரு ஓட்டை இருக்கு. ஒரே பேண்டுக்குள்ள வித்தியாசம் இல்ல, ஆனா மேல மேல பேண்ட் 7, 8ன்னு போகப்போக ஆம்பளைங்க பங்கு ஏறிக்கிட்டே போவும், கீழ பேண்ட் 5ல இருக்குற அவங்க பங்கை விட. பார்ட் டைம் எடுக்குறது எல்லாம் பொண்ணுங்க, பார்ட் டைம் ஆளை இன்சார்ஜா போட மாட்டாங்க. அமெரிக்கால கிறிஸ்டின் வில்லியம்ஸ்னு ஒரு அம்மா 1992லயே நர்சிங், லைப்ரரி, ஸ்கூல் மாதிரி பொம்பளைங்க வேலைல இருக்குற ஆம்பளைங்கள பேட்டி எடுத்து எழுதுனாங்க, பொம்பளைங்க ஆம்பளைங்க வேலைக்கு போனா தலைல இடிக்குது, ஆம்பளைங்க பொம்பளைங்க வேலைக்கு வந்தா எஸ்கலேட்டர்ல ஏறுன மாதிரி மேல போறாங்க, வேண்டாம்னாலும் தள்ளி விடுறாங்கன்னு. அந்த ஐசியு இன்சார்ஜ் தம்பி கதை அது தான்.

ரிட்டயர்டு_மேட்ரன் (கடலூர்)
எல்லாத்தையும் படிச்சேன் புள்ளைங்களா. நான் கவர்மெண்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவ, கடலூர் ஹெட்குவார்ட்டர்ஸ் ஆஸ்பத்திரிலயும் பாத்திருக்கேன். எங்க காலத்துல ஸ்டாஃப் நர்ஸ்னா ஒரே ஸ்கேல், ஆம்பளன்னு கூட ஒரு ரூபா கிடையாது, பதவி உயர்வு சீனியாரிட்டி லிஸ்டுப்படி தான். அந்த வகைல நாங்க குடுத்து வச்சவங்க.
ஆனா கவர்மெண்ட்டுன்னா எல்லாம் சரியா இருக்குன்னு நெனைக்காதீங்க. 2015ல எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) பரீட்சை வச்சு ஆயிரக்கணக்குல எடுத்தாங்களே அந்த புள்ளைங்களுக்கு என்ன குடுத்தாங்க, 7,700 ரூபா தொகுப்பூதியம். ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னாங்க, ஆகல, 2017 நவம்பர்ல சென்னைல சுகாதாரத் துறை ஆபீஸ் இருக்குற டிஎம்எஸ் வளாகத்துல உக்காந்து போராடுனாங்க, அப்புறம் 14,000, அப்புறம் 18,000ன்னு ஏறுச்சு. ஒரே வார்டு, ஒரே யூனிஃபார்ம், ஒரே மருந்து ட்ராலி, ஒருத்திக்கு பே கமிஷன் சம்பளம் ஒருத்திக்கு 7,700. இதுல ஆம்பளையும் உண்டு பொம்பளையும் உண்டு.
கோரிமேட்டுல ஜிப்மர்ல நர்சிங் ஆபீஸருக்கு சம்பள லெவல் 7, ஆரம்ப பேஸிக்கே 44,900, அதுக்கு மேல டிஏ, நர்சிங் அலவன்ஸ். அங்க இருந்து பத்து நிமிஷம் பஸ்ல போனா வர்ற பிரைவேட்ல என்ன குடுக்குறாங்கன்னு இங்க எழுதுறவங்களுக்கே தெரியும். அந்த பள்ளத்தை விட்டுட்டு 3,400ஐ மட்டும் பேசுனா பத்தாதுன்னு எனக்கு தோணுது.

கேஷுவாலிட்டி_பிரதர்
மேட்ரன்மா கரெக்ட். இதை தான் நான் சொல்ல வந்தேன், சரியா சொல்ல வரல. எங்களுக்குள்ள அடிச்சுக்கறதை விட்டுட்டு மொத்தமா சம்பளம் கம்மின்னு கேக்கணும்.

போஸ்ட்ஆப்_சிஸ்டர்
மேட்ரன்மா, வணக்கம். நீங்க சொன்ன பள்ளம் தான் பெருசு, மறுக்கல. ஆனா ரெண்டும் வேற வேற இல்லன்னு நான் நெனைக்கிறேன். நர்ஸுக்கு மொத்தமாவே ஏன் இவ்ளோ கம்மி? "வீட்டுக்கு ஒரு கை சம்பளம், கல்யாணம் வரைக்கும் தானே, அப்புறம் புருசன் பாத்துப்பான்" – இந்த எண்ணத்துல போட்ட சம்பளம் இது. அந்த சம்பளத்துக்கு ஒரு ஆம்பள வந்து நின்னா "பாவம் குடும்பம் நடத்தணுமே"ன்னு 3,400 சேத்து குடுக்குறாங்க. அதாவது இது ஒரு குடும்பம் நடத்துற அளவு சம்பளம் இல்லன்னு அவங்களுக்கே தெரியுது. எங்க வார்டுல புருசன் விட்டுட்டு போன சிஸ்டர் ரெண்டு பேர் இருக்காங்க, அவங்க நடத்துறது குடும்பம் இல்லையா? "மொத்தமா கேப்போம், இதை அப்புறம் பாத்துக்கலாம்"னா அந்த அப்புறம் வராது தம்பி.

ரெண்டு_புள்ள_தாயி
அக்கா இதுக்கு பத்து லைக் போடலாம்னா ஒண்ணு தான் விழுது.

வில்லியனூர்_வாத்தி
மொத்தமா கேக்கறதுக்கும் ஆதாரம் இருக்கு, பல பேருக்கு தெரியல. டிரெய்ண்டு நர்ஸஸ் அசோசியேஷன் போட்ட கேஸ்ல 2016 ஜனவரில சுப்ரீம் கோர்ட் கமிட்டி போட சொல்லி, அந்த கமிட்டி பரிந்துரை குடுத்துச்சு. 200 பெட்டுக்கு மேல இருந்தா அந்த மாநில அரசு நர்ஸுக்கு சமமான சம்பளம். 100ல இருந்து 200 பெட்டு வரைக்கும்னா அதுல 10 பர்சண்டுக்கு மேல கொறையக் கூடாது, 50ல இருந்து 100 வரைக்கும்னா 25 பர்சண்டுக்கு மேல கொறையக் கூடாது, 50க்கு கீழ இருக்குற சின்ன ஆஸ்பத்திரியா இருந்தாலும் 20,000க்கு கொறையக் கூடாது. மத்திய சுகாதார அமைச்சகம் இதை எல்லா மாநிலத்துக்கும் அனுப்புச்சு. கேரளால நர்ஸுங்க 2017ல ஸ்ட்ரைக் பண்ணி, 2018 ஏப்ரல்ல குறைந்தபட்சம் 20,000ன்னு அரசாணையே வாங்கிட்டாங்க. நம்ம பக்கம் இந்த பரிந்துரைய க்ளாஸ்ல சொன்னா புள்ளைங்க "சார் நெஜமாவா"ங்குறாங்க.

நெல்லிக்குப்பம்_பொண்ணு
அக்கா அண்ணா எல்லாருக்கும் வணக்கம், நான் ஃபைனல் இயர் முடிச்சுட்டேன், ஒரு இடத்துல இன்டர்வியூ போனேன். என்கிட்டயும் கல்யாணம் எப்பன்னு தான் கேட்டாங்க. எங்க க்ளாஸ் பையன்கிட்ட கேக்கல. ஒரிஜினல் சர்டிஃபிகேட் குடுக்கணும், ரெண்டு வருஷம் வேலைய விட மாட்டேன்னு பாண்டு எழுதணும்னாங்க. இப்படி கேக்கறது சட்டப்படி சரியா? சம்பளம் நானே வாயத் திறந்து கேட்டா வேணாம்னு அனுப்பிட மாட்டாங்களா?

கணக்குப்புள்ள_ரிட்டயர்டு
பாப்பா, ஒரே வேலை இல்ல அதே மாதிரி வேலைக்கு ஆண் பெண்ணுன்னு பாத்து சம்பளத்தை மாத்தக் கூடாதுன்னு 1976லயே சம ஊதியச் சட்டம் வந்துடுச்சு. வேலைக்கு எடுக்குறதுலயும் பாக்கக் கூடாது. 1987ல திருத்தி ப்ரமோஷன், டிரெய்னிங், டிரான்ஸ்ஃபர் எல்லாத்தையும் உள்ள கொண்டு வந்தாங்க. அந்த சட்டம் இப்ப 2019 ஊதியச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு, அது 2025 நவம்பர் 21ல இருந்து அமல்ல இருக்கு. அதுல இன்னொரு விஷயம், சம்பளக் கணக்குல சேக்காம விட்ட அலவன்ஸ் எல்லாம் சேத்து மொத்தத்துல பாதிக்கு மேல போனா மிச்சம் சம்பளத்தோட சேந்துடும், பேஸிக்கை சின்னதா வச்சுட்டு அலவன்ஸ்ல விளையாடுற வேலை இனிமே அவ்ளோ சுலபம் இல்ல.
சட்டத்துல 'அதே மாதிரி வேலை'ன்னா திறமை, முயற்சி, அனுபவம், பொறுப்பு நாலையும் பாப்பாங்க. டயாலிசிஸும் போஸ்ட்ஆப்பும் ஒண்ணான்னு வக்கீல் இழுப்பான். அதனால புகார் குடுக்கறதுன்னா ஒரே யூனிட்ல இருக்குற ரெண்டு பேர் ஸ்லிப் வேணும்.
ஒரிஜினல் குடுக்காத. செராக்ஸ் அட்டெஸ்ட் பண்ணி குடு, ஒரிஜினலை காட்டிட்டு கையோட வாங்கிக்க.

ரெண்டு_புள்ள_தாயி
சம்பளம் கேளு தங்கம். கேட்டா வேணாம்னு அனுப்புற ஆஸ்பத்திரி கேக்கலன்னா மட்டும் தங்கத்தட்டுல வச்சா தாங்கும்? நைட் அலவன்ஸ் எவ்ளோ, ஓவர்டைம் பாத்தா காசா இல்ல ஆஃப்-ஆ, இன்க்ரிமெண்ட் எந்த மாசம், இதை ஆர்டர்ல எழுதி வாங்கு. வாயால சொல்றதை நம்பாத.

மஸ்கட்_பாண்டி
க்ளாஸ் பையன் என்ன கேட்டான்னு அவன்கிட்டயே கேளு. எங்க பேட்ச் வாட்ஸ்அப் க்ரூப்ல பசங்க எல்லாம் எந்த ஆஸ்பத்திரில எவ்ளோன்னு ஓப்பனா போடுவோம், பொண்ணுங்க தனி க்ரூப்ல சேலை டிசைன் பத்தி... சரி சரி அடிக்க வராதீங்க, நெஜமா சொல்றேன், சம்பளம் பேசுற க்ரூப்ல பொண்ணுங்கள சேக்காம விட்டது நாங்க தான்.

போஸ்ட்ஆப்_சிஸ்டர்
மஸ்கட், அந்த க்ரூப் லிங்க்கை மொதல்ல இங்க போடு, அப்புறம் சேலைய பாக்கலாம்.
சீரியஸா சொல்றேன், என் வீட்டுக்காரரே ஜாயின் பண்ணப்ப அவரு வாங்குறதை என்கிட்ட சொல்லல. ஒளிக்கணும்னு இல்ல, பேச்சு வரல. ஆர்டர்ல 'சம்பள விவரத்தை சக ஊழியர்களிடம் பகிரக் கூடாது'ன்னு ஒரு வரி வேற இருக்கு, அதை பாத்து எல்லாரும் பயந்துக்கறோம்.

சும்மா_வந்தவன்
ஓகே, ஒரு கேள்வி, சண்டைக்கு இல்ல. உங்க வீட்டுக்காரர் அந்த 3,400ஐ விட்டுக் குடுப்பாரா?

போஸ்ட்ஆப்_சிஸ்டர்
எதுக்கு விட்டுக் குடுக்கணும்? அது அவரு உழைச்ச காசு, எங்க வீட்டு அரிசிக்கு தான் வருது. எனக்கும் குடுன்னு தான் கேக்குறோம், அவருகிட்ட புடுங்குன்னு யாரு சொன்னது.

கேஷுவாலிட்டி_பிரதர்
சரி, நான் ஒரு ஐடியா சொல்றேன். இங்க இருக்குறவங்க ஸ்லிப்ல பேரு, எம்ப்ளாயி நம்பர், ஆஸ்பத்திரி லோகோ எல்லாம் மறைச்சுட்டு யூனிட், எத்தனை வருஷ அனுபவம், ஆணா பெண்ணா, பேஸிக், அலவன்ஸ், நைட்டு எவ்ளோ மட்டும் போடுவோம். மொதல்ல என்னுது போடுறேன், காமெடியா இருக்கும், சிரிக்க கூடாது. பிரதர்ஸுக்கு எங்க கூட குடுக்குறாங்க எங்க ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டு டீ மட்டும் குடுக்குறாங்கன்னு எனக்கும் தெரியணும்.

மாடரேட்டர்
போடலாம். ஆஸ்பத்திரி பேரு, டாக்டர் பேரு, ஹெச்ஆர் பேரு வந்தா டெலிட் பண்ணிடுவேன். ஃபோட்டோவா போடாதீங்க, டைப் பண்ணுங்க, ஃபோட்டோல க்யூஆர் கோடு மாட்டும்.

நெல்லிக்குப்பம்_பொண்ணு
கடைசியா ஒண்ணு. எனக்கு வேலை வர்ற மாதிரி இருக்கறது கிருமாம்பாக்கம் பக்கத்துல. வீடு கடலூர் மாவட்டம். பிரச்சினைன்னா கடலூர் லேபர் ஆபீஸா பாண்டியா?

கணக்குப்புள்ள_ரிட்டயர்டு
வீடு எங்கங்கறது கணக்கு இல்ல, வேலை செய்யுற இடம் தான் கணக்கு. கிருமாம்பாக்கம் பாகூர் கொம்யூன், புதுச்சேரி. அதனால புதுச்சேரி தொழிலாளர் துறை தான். குறைந்தபட்ச கூலி அறிவிப்பும் ரெண்டு அரசும் தனித்தனியா போடும், நீ பாக்க வேண்டியது பாண்டி அறிவிப்பு. நம்ம ஊரு எல்லை தான் தெரியுமே, ஒரே ரோட்டுல நாலு தடவை மாநிலம் மாறும். ஆர்டர்ல ஆஸ்பத்திரி விலாசத்தை நல்லா பாரு, சில பேர் ஆபீஸ் விலாசம் ஒரு ஸ்டேட்ல ஆஸ்பத்திரி இன்னொரு ஸ்டேட்லன்னு வச்சிருப்பாங்க. சந்தேகம்னா ஆர்டரை பேரு மறைச்சு இங்க டைப் பண்ணு, சைன் போடறதுக்கு முன்னாடி.

ரிட்டயர்டு_மேட்ரன்
கிருமாம்பாக்கம்னா நைட்டு முடிஞ்சு காலைல கடலூர் பஸ் நெறைய உண்டு, மத்தியான ட்யூட்டி முடிஞ்சு ராத்திரி தான் கஷ்டம். வண்டி ஏற்பாடு உண்டான்னு அதையும் கேட்டு எழுதி வாங்கிக்க கண்ணு.